அஞ்சலி நேரத்துக் குரல்

பீளமேட்டில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் விமலாராணி டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு போர்டு, ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் போர்டில் சிவப்பு விளக்கு எரியும். வயரைச் செருகி, கம்பெனி பெயரைச் சொல்லி, யார் வேண்டும் என்று கேட்டு, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே இணைப்புக் கொடுக்க வேண்டும். காலையில் மதுக்கரையில் பஸ் ஏறி உக்கடத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்றால், சாயங்காலம் வரைக்கும் அந்தக் "கொஞ்சம் இருங்க"தான். வீட்டில் அடுப்பில் பால் பொங்கி வந்தாலும் அவள் வாய் தன்னையறியாமல் பாலைப் பார்த்துக் "கொஞ்சம் இருங்க" என்று முணுமுணுக்கும்.

அவள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. கணவன் பாக்கியராஜ் மதுக்கரை சிமெண்ட் ஆலையில் மூட்டை பிடிக்கிற இடத்தில் ஷிப்ட் வேலை பார்த்தான். ஒரு வாரம் அவன் அசந்து தூங்கும்போது அவள் கிளம்புவாள். அடுத்த வாரம் அவள் உள்ளே நுழையும்போது அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பான். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம் என்று பக்கத்து வீடுகளில் பேர். சண்டை போடுகிற தெம்பு இருவருக்குமே இருந்ததில்லை என்பதுதான் உண்மை.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் அவள் மாதா கோவில் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். பெரிய பூசைகளில் உச்ச ஸ்தாயி அவளுடையது. அப்புறம் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் குரல் இறங்கிப்போயிற்று. "சில பேருக்கு இப்படி ஆகும்மா. பேச்சு வந்ததே பெரிய விசயம்" என்றார் டாக்டர். அவள் குரலில் பாதி காற்றும் பாதி மணலுமாகக் கலந்திருந்தது. தேறி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடிப் பார்த்தாள். மேலே ஏறவேண்டிய இடத்தில் சத்தமே வரவில்லை; வெறும் மூச்சு வந்தது. பாட்டு வாத்தியார் பதமாகச் சொன்னார்: "ராணி, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுத்துக்கம்மா." அந்தக் கொஞ்ச நாள் முடியாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதன் பிறகு பின் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடையில் ஒருநாள் மத்தியானம், கணபதி ஊர்ப் பக்கமிருந்த ஒரு பவுண்டரியிலிருந்து அழைப்பு வந்தது. பம்ப்பு உடல்களை வார்த்து அனுப்புகிற பவுண்டரி. வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கிருந்து பர்ச்சேஸ் பிரிவைக் கேட்பார்கள். அன்றைக்குப் பேசியது புதுக்குரல்.

"பர்ச்சேஸ்ல குடுங்க."

"கொஞ்சம் இருங்க."

இணைப்புக் கொடுத்தாள். உடனே அது கட்டாயிற்று. மறுபடியும் அதே விளக்கு எரிந்தது.

"லைன் கட்டாயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, நாந்தான் வச்சுப்போட்டேன். நீங்க 'கொஞ்சம் இருங்க'ன்னு சொன்னத மறுக்கா ஒருக்கா கேக்கோணும்னு இருந்துச்சு."

விமலாராணி வயரைப் பிடுங்கிவிட்டாள். இந்த வேலையில் இப்படிப்பட்ட ஆட்கள் அவ்வப்போது வருவதுண்டு. யார் எவரென்று குறித்து வைத்து மேலாளரிடம் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்கும் எழுந்து போக வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அரைநாள் வேலை முடிந்து வெளியே வரும்போது கேட்டருகில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றிருந்தார்கள். ஆணுக்கு முப்பது வயதிருக்கும். பெண்தான் முதலில் முன்னால் வந்தாள்.

"ஏனுங்க்கா, போர்டுல பேசறது நீங்கதானுங்களே? நான் நந்திதா. இவரு எங்கூட்டுக்காரரு, கிருபாசங்கர். போன வாரம் போன்ல கிறுக்குத்தனமாப் பேசிப்போட்டாராம். நேர்ல வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் ஆச்சுன்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன்."

கிருபாசங்கர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் அந்தப் பவுண்டரி முதலாளியின் மகன். இஞ்சினியரிங் படித்தவன். பவுண்டரியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பாட்டுப் பெட்டிகளை வாங்கி அடுக்குகிறான் என்று அவன் அப்பாவுக்குத் தீராத வருத்தம். இதையெல்லாம் நந்திதாவே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க குரலு எனக்கு வேணுமுங்க்கா" என்றான் அவன். "ஒரு இசைக்கு. நீங்க பாடுவீங்களா?"

"பாடிட்டிருந்தேனுங்க தம்பி. இப்ப இல்லீங்க. ஆபரேசனாகி குரலு போயிருச்சு."

"போனதுக்கப்புறம் என்ன மிச்சமிருக்குதோ அதுதானுங்க்கா எனக்கு வேணும்."

அன்று வீட்டுக்கு வந்து பாக்கியராஜிடம் சொன்னாள். அவன் கொல்லையில் தலையில் படிந்த சிமெண்ட்டுத் தூளைக் கழுவிக்கொண்டிருந்தான். நல்ல மனிதர்கள்தானா என்று கேட்டான். அப்படித்தான் தெரிகிறது என்றாள். தண்ணீரை ஊற்றிக்கொண்டே யோசித்தான்.

"போறதுன்னா போ. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி அங்கயும் நிக்க வெச்சுருவாங்களா? உக்கார எடமிருக்குதான்னு கேட்டுக்க."

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை விட்டு உள்ளே போகும் மண்பாதையில், சோளக்காட்டுக்கு நடுவே கிருபாசங்கர் குடும்பத்துப் பழைய பஞ்சு குடோன் ஒன்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை விமலாராணி அங்கே போனாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் சாக்கும் முட்டை அட்டைகளும் அடித்திருந்தான். இரண்டு கீபோர்டுகள், ஒரு கம்ப்யூட்டர், டேப் சுற்றும் ஒரு பெரிய மெஷின், நீள வயரோடு ஒரு கை மைக். வெயில் உள்ளே வராமல் கதவைச் சாத்தியிருந்ததால் அந்தப் பகலிலேயே உள்ளே கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தது. நந்திதா டேபிள் ஃபேனை விமலாராணி பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"முதல்ல கேளுங்க" என்று ஹெட்போனை மாட்டிவிட்டான்.

அவள் காதில் எப்போதும் ஹெட்போன்தான். ஆனால் இதுவரை கேட்டதெல்லாம் ஆட்களின் பேச்சு. இப்போது கேட்டது வேறு. எங்கோ ஆழத்தில் ஒரு உறுமல் நின்றது. அதன் மேல் ஒரு அடி விழுந்தது. விழுந்த பிறகு அடுத்தது வராதோ என்று தோன்றுகிற அளவுக்குக் காத்திருந்து இன்னொரு அடி. சுற்றிலும் பனி இறங்குவது போல ஒரு கீபோர்டு ஓசை மெல்லப் பரவியது. ராகம் என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சந்தோஷம் என்பது அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் அதைக் கழற்றி வைக்க மனம் வரவில்லை.

"அடியில ஒறுமறது கெணத்து மோட்டாருங்களா?"

"ஆமாங்க்கா. எங்க தோட்டத்துக் கெணத்துல எறங்கி ரெக்கார்டு பண்ணினேன். அந்த அடி, பவுண்டரில வார்ப்புப் பொட்டியக் கீழ போடற சத்தம். வேகத்தக் கொறச்சிருக்கேன்."

இங்கிலாந்துக்குப் படிக்கப் போன அவன் சிநேகிதன் ஒருவன் ஊருக்கு வரும்போதெல்லாம் கேசட் கொண்டுவந்து கொடுப்பானாம். அங்கே இப்படி இருட்டான இசைதான் இப்போது பேச்சாம். மெதுவான தாளம், மெஷின் ஓசை, அதன்மேல் காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுவது போல ஒரு பெண் குரல். "அதக் கேட்டதுல இருந்து எனக்கு நம்மூரு மில்லுச் சத்தமெல்லாம் பாட்டாத்தான் கேக்குதுங்க்கா" என்றான்.

"பாட்டு எங்கீங்க? எழுதியிருக்கீங்களா?"

"பாட்டு இல்லீங்க்கா. சும்மா உங்க குரலு மட்டும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று, தெரிந்த மட்டும் குரலைத் திருத்தி, கோவிலில் பாடுவது போல அழகாக ஒரு ஆலாபனை இழுத்தாள். மேலே போகும்போது முறிந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி முறிந்தது. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முகம் வாடியது. மூன்று நான்கு முறை முயன்று அவளுக்குக் கால் வலி கண்டுவிட்டது. ஓரமாகக் கிடந்த பஞ்சுப் பொதி மேல் போய் உட்கார்ந்தாள். கையிலிருந்த மைக்கும் வயரோடு அவள் கூடவே வந்திருந்தது. உறுமல் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. போர்டில் யாரும் இல்லாத லைனைத் திறந்தால் இப்படித்தான் கேட்கும். அவள் கண்ணை மூடினாள். பழக்கதோஷத்தில் வாய் மெல்ல அசைந்தது.

"கொஞ்சம் இருங்க…"

சொன்னதும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. அந்த மூச்சு அப்படியே ஒரு ஸ்வரத்தில் போய் நின்றது. தாழ்ந்த ஸ்வரம். ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்கு எட்டாத இடம் அது. அங்கேயே சிறிது நேரம் இருந்தாள். அங்கே இருப்பதற்கு எந்தப் பிரயாசையும் வேண்டியிருக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கிருபாசங்கர் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, கேக்கறனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு என்னுங்க்கா அப்படியொரு துக்கம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியவில்லை.

"துக்கமெல்லாம் ஒன்னுமில்லீங்க தம்பி. கால் வலிக்குது."

நந்திதா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. "அதே போதுமுங்க்கா" என்று சொல்லி ரெக்கார்டு பட்டனை அமுக்கினான்.

அப்படிச் சில மாதங்கள் சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் சரவணம்பட்டிக்குப் போனாள். அவன் அவள் குரலைத் துண்டு துண்டாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, எதிரொலியில் நனைத்தான். ஒரே "கொஞ்சம் இருங்க" பத்துப் பெண்கள் வேறு வேறு தூரத்திலிருந்து சொல்வது போல வந்தது. வார்த்தை பாதி கரைந்துபோய், "இருங்க" மட்டும் கடைசியில் தொங்கிக்கொண்டு நின்றது. முதல் தடவை அதைக் கேட்டபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது நானில்லை என்றாள். அவன், இல்லீங்க்கா, நீங்கதான் என்றான். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதை நினைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் குரலை நினைத்து அவளுக்கு வெட்கமாக இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையாக அப்படி இருந்தது.

கேசட் முடிந்ததும் அவன் சென்னையிலும் பம்பாயிலும் கம்பெனிகளுக்கு அனுப்பினான். பம்பாயிலிருந்து பதிலே வரவில்லை. சென்னைக்காரர் போனில், இதைக் கேட்டால் தூக்கம் வருகிறது, தூக்கம் போனால் பயம் வருகிறது, இதை யார் தம்பி வாங்குவார்கள் என்று கேட்டாராம். ஒரு கல்லூரிக் கலைவிழாவில் மேடையேற்றிப் பார்த்தான். விமலாராணி மஞ்சள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். பாட்டு ஆரம்பித்து உறுமல் எழும்பியதும் மாணவர்கள் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். அவள் மூச்சை விட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவன் நாய் ஊளையிடுவது போல ஊளையிட்டான். கூட்டமே சேர்ந்துகொண்டது. பாதியில் சுவிட்சை அணைத்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. சீக்கிரமாக வீடு போய்ச் சேரலாம் என்று ஒரு நிம்மதிதான் வந்தது. கிருபாசங்கர்தான் வேனில் ஏறி வயர்களைச் சுற்றும்போது கண்ணைத் துடைத்தான்.

அந்த மாதமே அவன் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து படுத்தார். பவுண்டரி அவன் தலையில் விழுந்தது. குடோனைப் பூட்டினான். அவளுக்கு ஒரு கேசட் பிரதி மட்டும் கொடுத்தான்.

அந்தக் கேசட்டை அவள் சாமி படத்தட்டில் வைத்திருந்தாள். ஒரு நாள் விடுமுறையில் அவள் துணி அலசிவிட்டு வரும்போது, பாக்கியராஜ் டேப்ரிக்கார்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முழுப்பக்கமும் ஓடி முடியும் வரை அவன் எழுந்திருக்கவில்லை. பட்டன் தானாகத் தூக்கிக்கொண்டதும் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்புள்ள, இவ்வளவு அசந்து போயிருக்கறயா நீயி?"

அவள் கையிலிருந்த வாளியை இறக்கி வைத்தாள். "அதெல்லாம் இல்லீங்க. அது பாட்டு" என்றாள்.

அடுத்த நாள் காலை அவள் எழுந்தபோது தெருக்குழாயில் பிடித்த தண்ணீர் குடம் குடமாக வாசலில் இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவன் தூங்காமல் பிடித்து வைத்திருந்தான். அன்றிலிருந்து அந்த வேலையை அவளிடம் அவன் விடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மதுக்கரை, குனியமுத்தூர்ப் பக்கமெல்லாம் கேபிள் டிவி வந்து பரவியது. கேபிள் நடத்தியவர் அரங்கசாமி. கிருபாசங்கருக்குத் தாய்மாமன். சினிமா, பாட்டு போக, அவருடைய சேனலில் பொழுதோடு ஆறரை மணிக்கு உள்ளூர்க் கண்ணீர் அஞ்சலி வரும். இறந்தவரின் போட்டோ, பெயர், ஊர், அடக்கம் எப்போது என்கிற விவரம். பின்னால் ஏதாவது நாதஸ்வரத் துண்டு ஓடும்.

ஒரு சாயங்காலம் விமலாராணி பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளிடம் கறிவேப்பிலை வாங்கப் போனாள். பொன்னாத்தாள் கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் யாரோ ஒரு பெரியவரின் படம். அடியிலிருந்து அந்தக் கிணற்று உறுமல். அதன்மேல்…

"கொஞ்சம் இருங்க… இருங்க…"

விமலாராணி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கேளுங்க அம்மிணி" என்றாள் பொன்னாத்தாள். "ஒரு வாரமா இதத்தாம் போடறாங்க. யாரு பெத்த புள்ளயோ, எப்படிக் கெஞ்சறா பாருங்க. செத்தவங்களப் போகாதீங்க, கொஞ்சம் இருங்கன்னு கேக்கறா. கல்லும் கரைஞ்சு போகுமுங்க."

டெலிபோனில் பர்ச்சேஸ் பிரிவுக்குக் காத்திருக்கச் சொன்னது அது என்று எப்படிச் சொல்வது? கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு தெரிந்தது: மருமகன் கிருபாசங்கர் காரில் விட்டுப்போன கேசட்டை அரங்கசாமி கேட்டுப் பார்த்திருக்கிறார். சாவுச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமாக எதுவும் கிடைக்காது என்று எடுத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை.

அதன் பிறகு தினமும் ஆறரை மணிக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அவள் குரல் கேட்டது. பாக்கியராஜ் வேண்டுமானால் போய்ப் பேசட்டுமா என்று கேட்டான். போய்ப் பேசி என்னத்துக்கு என்று விட்டாள்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நகரத்தில் குண்டுகள் வெடித்தன. அன்றைக்கு அவசர ஆர்டர் என்று கம்பெனியில் முழு நாள் வேலை. போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். எங்கூட்டுக்காரர் இருக்காருங்களா, எம்பையன் கிளம்பிட்டானுங்களா, எந்த ரோட்டுல போனான். ஒவ்வொருவருக்கும் "கொஞ்சம் இருங்க" என்றாள். சொல்லிவிட்டு ஆளைத் தேடச் சொன்னாள். சிலரைக் கண்டுபிடிக்க முடிந்தது. சிலருக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கட்டத்தில் அவளுக்கே கேட்டது, தன் குரல் அந்தக் கேசட்டில் இருப்பது போலவே வந்துகொண்டிருப்பது. கம்பெனி வேன் சுற்று வழியில் அவளை வீட்டில் கொண்டுவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் ஊர் அடைத்துக் கிடந்தது. பஸ் இல்லை, கடை இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் டிவியைப் போட்டார்கள். அரங்கசாமி அஞ்சலியை ஆறரை மணியோடு நிறுத்தவில்லை. காலையில், மத்தியானத்தில், பொழுதோடு என்று ஓடிக்கொண்டே இருந்தது. போட்டோக்கள் மாறின. அவள் குரல் மாறவில்லை. ஜன்னலைச் சாத்தினாலும் கேட்டது. காதில் பஞ்சு வைத்தாள். அப்போதும் உள்ளுக்குள் கேட்டது. கடைகள் ஒன்றிரண்டாகத் திறக்க ஆரம்பித்த அன்று, பாக்கியராஜிடம் சொன்னாள்:

"என்னைய அந்தக் கேபிள் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க. அத நிறுத்தச் சொல்லோணும். எனக்கு ஆவலீங்க."

அவன் டிவிஎஸ் 50-ஐ எடுத்தான். குனியமுத்தூரில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். படிக்கட்டிலேயே ஆட்கள் போட்டோவும் கையுமாக நின்றிருந்தார்கள். அந்த ஊரில் அந்த நாட்களில் செத்தவர்கள் எல்லோரும் குண்டில் செத்தவர்கள் இல்லை. நோயில் செத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்ப வேறு வழி இல்லை. விமலாராணி வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் அரங்கசாமி தலை நிமிராமல் கேட்டார்.

"யாருங்கம்மா உங்களுக்கு? போட்டோ கொண்டாந்தீங்களா?"

"எனக்கு யாரும் இல்லீங்க. இந்தப் பாட்டு…"

அந்த இரண்டு வார்த்தைக்கே அவர் நிமிர்ந்துவிட்டார். குரலை அடையாளம் கண்டுகொண்டார். பக்கத்தில் நின்ற பெண்ணும் திரும்பினாள். அறுபது வயதுக்காரி, பெயர் மாசாணியம்மாள் என்று பின்னால் தெரிந்தது. கையில் ஒரு ரேஷன் கார்டுப் படம் மாதிரியான சின்னப் போட்டோ வைத்திருந்தாள்.

"நீயா கண்ணு டிவில அழுவறது?"

"அழுகலீங்கம்மா. அது… சும்மா பேசினதுங்க."

"எங்கூட்டுக்காரரு போயி மூணு நாளாச்சு கண்ணு. மூச்சு இளப்பு நோவு. பஸ்ஸு இல்ல, சொந்தம் ஒறம்பற ஒருத்தரும் வரல. நாலு பேரு சேந்து எடுத்துட்டுப் போனாங்க. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரல. நீ டிவில 'கொஞ்சம் இருங்க'ன்னு சொன்னயா, அப்பத்தான் வந்துச்சு. அவருகிட்ட நாஞ் சொல்லோணும்னு நெனச்சது அதுதான். எம்பட வாயில வரல. நீ சொல்லிப்போட்ட."

மாசாணியம்மாள் அரங்கசாமி பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரோட அக்கா கிணத்துக்கடவுல இருக்குது. ரெண்டு கண்ணும் தெரியாது. பக்கத்தூட்டு டிவி முன்னால உக்காந்திருக்குதாமா. போட்டோவும் எழுத்தும் போட்டா அதுக்கென்ன தெரியும்? பேர ஒருக்கா வாயில சொல்லமாட்டீங்களா?"

தம் கேபிள் கிணத்துக்கடவு வரைக்கும் எட்டும்தான் என்று கணக்குப் பார்த்த அரங்கசாமி, பிறகு தயங்கினார். "சொல்றதுக்கு ஆளில்லீங்களேம்மா. எம்பட கொரல் இதுக்குச் செரிப்படாதுங்க."

"நான் சொல்றேனுங்க" என்றாள் விமலாராணி.

சொன்ன பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அதற்குள் அரங்கசாமி மைக்கை நகர்த்தி வைத்துவிட்டார். நாற்காலி போட்டார்கள். திரையில் சின்னப் போட்டோ பெரிதாகி வந்தது. உறுமல் ஆரம்பித்தது. கேசட்டில் அவள் குரல் கொஞ்சம் இருங்க என்றது. அது அடங்கியதும் இவள் மைக்கைப் பார்த்து, போர்டில் ஆளை அழைக்கிற அதே தொனியில் சொன்னாள்:

"குனியமுத்தூர், சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம். வேங்கடசாமி."

மாசாணியம்மாள் போட்டோவைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அடுத்தவர் வந்தார். விமலாராணி எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற எல்லார் பெயரையும் சொன்னாள். அதில் எல்லா மாதிரிப் பெயர்களும் இருந்தன. சின்னப் பிள்ளைகள் பெயரும் இருந்தது. ஒன்றையும் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள். கீழே வண்டியோடு நின்றிருந்த பாக்கியராஜ், டீக்கடை டிவியில் அவள் குரலைக் கேட்டு மேலே ஏறி வந்தான். வாசலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான்.

பஸ் ஓடத் தொடங்கும் வரை அவள் மத்தியானங்களில் போய்ப் பெயர் சொன்னாள். அப்புறம் கம்பெனி திறந்தது. அரங்கசாமி வீட்டுக்கே வந்து, தொடர்ந்து செய்யச் சொல்லிக் கேட்டார். பெயர் சொல்ல ஆரம்பித்ததிலிருந்து ஊரெல்லாம் இதையே பார்க்கிறார்கள் என்றார்.

"என்னால ஆவாதுங்க" என்றாள். "போர்டுலயும் பேசி இங்கயும் பேச ஒடம்பு தாங்காதுங்க. அந்தக் கேசட்டு வேணும்னா ஓடட்டும்."

செய்தி கேட்டுக் கிருபாசங்கர் பவுண்டரியிலிருந்து போன் செய்தான். மாமன் செய்தது அவனுக்குப் பெரிய வருத்தம்.

"நான் எழவுக்குன்னு அதச் செய்யலீங்க்கா. எத்தன மாசம் ஒவ்வொரு சத்தமாச் செதுக்கினேன். கடைசில சாவு மேளமாக்கிப் போட்டாங்க."

விமலாராணி போர்டைப் பார்த்தாள். அப்போது வேறு விளக்கு எதுவும் எரியவில்லை.

"கலைவிழாவுல ஊளையிட்டாங்களே தம்பி, நெனவிருக்குதுங்களா? இங்க ஒருத்தரும் ஊளையிடல. உக்காந்து கேட்டாங்க. எனக்கு அது போதும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் ஹலோ என்றாள். "இருக்கேனுங்க்கா" என்றான். பிறகு, வார்ப்பு டெலிவரி பற்றிப் பர்ச்சேஸில் பேச வேண்டும் என்றான். இணைப்புக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் கம்பெனியில் தானாக இணைப்புக் கொடுக்கிற மெஷின் வந்தது. போர்டைக் கழற்றி எடுத்துப் போனார்கள். விமலாராணியை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். வாஷர்களும் போல்ட்டுகளும் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவில் நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டாத வேலை. பலர் அவளிடம் பரிதாபப்பட்டார்கள். அவளுக்கு என்னவோ தொண்டைக்குள்ளே ஜன்னல் திறந்துவிட்டது போலிருந்தது.

அரங்கசாமியும் வயதாகி, கேபிளை வேறு ஆட்களிடம் கைமாற்றிவிட்டார். அது அவளுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கறிச்சோறு தின்றுவிட்டு வாசலில் நின்றபோது, டிவியில் வந்த குரல் இவளுடையது என்று இன்னும் அறியாத பொன்னாத்தாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பாத்தீங்களா அம்மிணி, அஞ்சலில அந்த அழுவாச்சிக்காரிய எடுத்துப் போட்டாங்க. இப்ப வெறும் வயலினு. கேக்கவே நல்லா இல்லீங்க. என்னாச்சோ அவளுக்கு, பாவம்."

உள்ளே பாக்கியராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விமலாராணி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"அவளும் எத்தன நாளைக்குத்தாங்க இருங்க இருங்கன்னு சொல்லிட்டே இருப்பா. ஓஞ்சு போயிருப்பா. தூங்கட்டும் உடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய், பாயை விரித்து, அவளும் படுத்துக்கொண்டாள்.